நொடிக்குள் ஒரு நொடி

"மாமா, நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா திக்குது."

மாடியறையிலிருந்து இறங்கி வந்த தங்கை மகன் இப்படிச் சொன்னபோது, நாம் முதலாண்டு மாணவர்களின் யாப்பிலக்கண விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். கே.கே. நகரில் சிவன் பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளி நம் வீடு. பையன் வணிகவியல் இரண்டாமாண்டு. நம்மோடு தங்கிப் படிக்கிறான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஒன்றரை ஆண்டு சேர்த்த பணத்தோடு, குறைந்ததற்கு நம் கைப்பணமும் சேர, ரிச்சி தெருவில் ஒரு கடையில் உதிரி உதிரியாகப் பாகங்கள் வாங்கி அவனே பூட்டிய கணினி அது. அதில் அவன் ஆடுவது சுடும் விளையாட்டு. அணிக்கு ஐவர், எதிரில் ஐவர். கல்லூரிகளுக்கு இடையிலான ஒரு போட்டிக்காக மாலைதோறும் பழகிக்கொண்டிருந்தார்கள்.

மேலே போய்ப் பார்த்தோம். திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஓர் எண்: 200. நொடிக்கு இருநூறு சட்டகங்கள், அதாவது இருநூறு தனித்தனிப் படங்கள், வரையப்படுகின்றன என்பது அதன் பொருள். திரைப்படத்துக்கு 24 போதுமே என்று நமக்குத் தெரிந்த கணக்கை வைத்து, "எட்டு மடங்குக்கு மேல் ஓடுகிறதே, இன்னும் என்ன?" என்றோம். "ஒரு மூலை திரும்புறப்போ ஒரு இமைப்பு நிக்குது மாமா. அதுக்குள்ள எதிர்ல இருக்கிறவன் சுட்டுடறான்" என்றான். நம் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. மனப்பிரமை என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டோம். கடைக்காரரும் எண்ணைப் பார்த்துவிட்டு அதையே சொன்னாராம். பத்து நாள் கழித்து, கை மந்தம் என்று சொல்லி அவனை அணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள் என்று தெரிந்தது. அவன் நம்மிடம் சொல்லவில்லை, வீட்டம்மாள்தான் சொன்னார்.

அவன் சொன்னது முழு உண்மை என்று இப்போது தெரியும். இலக்கியம் பேசும் இடத்தில் கணினி விளையாட்டுக்கு என்ன வேலை என்று வாசகர்கள் புருவம் உயர்த்தலாம். எண்ணிக்கை நிறைவாக இருக்கும்போதே ஓட்டம் தடுக்கும் இந்தப் பழுதுக்கு நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி நம் வீட்டுக்கு அடுத்த தெருக்களிலேயே நடந்திருக்கிறது. அவனிடம் பட்ட கடனைத் தீர்க்கும் பொருட்டு அந்த வரலாற்றைச் சற்றுத் தேடிப் பார்த்தோம்.

ஆபரேட்டர் சொன்ன பாடம்

கே.கே. நகர் திரைப்படத் தொழிலின் கொல்லைப்புறம். வடபழனி தாண்டினால் ஆற்காடு சாலையில் ஏவி.எம்.; 1948-இல் காரைக்குடிப் பக்கமிருந்து இங்கு வந்த படப்பிடிப்பு நிலையம். ஒளிப்பதிவு உதவியாளர்களும் படத்தொகுப்பாளர்களும் ஒலிப்பதிவுக்காரர்களும் இந்தத் தெருக்களில்தான் குடியிருந்தார்கள். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காலை நடையில் ஒருநாள் பையனின் குறையைப் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"எத்தனை ஓடுதுங்கறது முக்கியமில்ல சார். ஒரே மாதிரி ஓடணும். லூப் போச்சுன்னா எத்தனை ஓடி என்ன?" என்றார்.

அந்தச் சொல்லை விளக்கக் கேட்டோம். திரைப்படக் கருவிக்குள் படச்சுருள் சீராக ஓடுவதில்லை. விளக்கின் முன் ஒவ்வொரு சட்டகமும் நிற்க வேண்டும். நின்று, திரையில் விழுந்து, பிறகு வெடுக்கென்று இழுபட்டு அடுத்ததற்கு இடம் விட வேண்டும். இழுபடும் நேரத்தில் ஒளியை ஒரு தகடு மறைக்கும். இந்த நிற்றலையும் நகர்தலையும் நடத்தி வைப்பது மால்டீஸ் கிராஸ் என்னும் சிலுவை வடிவப் பற்சக்கரம். ஆனால் அதற்கு மேலும் கீழும் இருக்கும் சக்கரங்கள் நிற்காமல் சுழல்பவை. நிற்காமல் சுழல்வதற்கும் நின்று நின்று நகர்வதற்கும் இடையில் சுருள் அறுந்துபோகாமலிருக்க, ஆபரேட்டர் இரண்டு இடங்களில் சுருளைத் தளர்வாக வளைத்து விடுவார். அந்த வளைவுக்குத்தான் லூப் என்று பெயர். அது இறுகிவிட்டால் சக்கரம் அதே வேகத்தில்தான் சுழலும். நொடிக்கு அதே 24 சட்டகம்தான் கடக்கும். திரையில் படம் மட்டும் துள்ளும். கீழே இருந்து சீழ்க்கை ஒலியோடு ஆபரேட்டருக்கு அர்ச்சனை தொடங்கிவிடும். அண்மையில் மூடப்பட்டுவிட்ட அசோக் நகர் உதயம் போன்ற அரங்குகளில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஓசையை நினைவூட்டத் தேவையில்லை.

எண்ணிக்கை வேறு, ஒழுங்கு வேறு என்ற பாடத்தைத் திரைப்படம் மெல்லத்தான் கற்றது. எடிசனின் கூடத்தில் டிக்சன் அமைத்த, ஒருவர் மட்டும் குனிந்து பார்க்கும் பெட்டியில் சுருள் நொடிக்கு ஏறத்தாழ 40 சட்டகம் என்ற வேகத்தில் ஓடியது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக் காட்டிய படங்கள் ஏறத்தாழ 16 சட்டகத்தில் ஓடின. கருவியைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு எட்டுச் சட்டகம், நொடிக்கு இரண்டு சுற்று என்பது பிற்பாடு வழக்கமான கணக்கு. பழைய ஒளிப்பதிவாளர்கள் வாய்க்குள் ஏதேனும் மெட்டை முணுமுணுத்துக்கொண்டே சுற்றுவார்களாம். தாளம் போடுவது போலத்தான்.

1905-இல் திருச்சியில் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1910-களின் இறுதியில் நடராஜ முதலியார் சென்னையில் 'கீசகவதம்' எடுத்தார். அது கைச்சுற்றின் காலம். சுற்றுபவரின் கை சற்று ஓய்ந்தால் திரையில் வீமனின் கையும் ஓய்ந்திருக்கும். அதைப் பெருங்குறையாக யாரும் கொள்ளவில்லை. கண் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

பொறுக்காதது காது. 1920-களின் பிற்பாதியில் படம் பேசத் தொடங்கியதும் கைச்சுற்று செத்தது. சுருள் ஓரத்தில் பதிந்த ஒலி, வேகம் இம்மி குறைந்தாலும் குழறும், கூடினால் கீச்சிடும். ஆகவே நிமிடத்துக்கு 90 அடி, நொடிக்கு 24 சட்டகம் என்று வேகத்தை மோட்டாரில் கட்டிப் போட்டார்கள். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் 'காளிதாஸ்' வெளியானபோது தமிழனின் காதுக்கும் அந்த ஒழுங்கு வந்து சேர்ந்தது. 24 என்பது கண்ணுக்குப் போதுமான உச்சம் என்று பலர் நினைக்கிறார்கள், நாமும் நினைத்தோம். அது ஒலிக்குப் போதிய வேகமும் சுருளுக்கு ஆகும் செலவும் ஒத்துக்கொண்ட எண். அன்று கிடைத்த பெரும்பேறு மாறாத வேகம்.

24-ஐ 60-இல் பங்கிடுதல்

அடுத்த சிக்கல் தொலைக்காட்சியோடு வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைத் துலக்குவது. 24 சட்டகத்தை 60 முறைக்குச் சமமாகப் பங்கிட முடியாது; இரண்டரை வரும். ஆகவே ஒரு சட்டகத்தை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்டினார்கள். கூட்டுத்தொகை சரியாக வரும். கேமரா ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகரும் காட்சிகளிலோ ஒரு நொண்டல் தெரியும். நம் ஊரில் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கிய சென்னைத் தொலைக்காட்சி 50 முறை துலக்குவது. அந்த முறையில் படத்தை 24-க்குப் பதில் 25 சட்டகமாகச் சற்று விரைவாக ஓட்டி, ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டிவிடலாம். படம் நூற்றுக்கு நான்கு பங்கு சீக்கிரம் முடியும், பாட்டின் சுருதி ஒரு பிசிறு ஏறும், நொண்டல் இராது.

கணினி விளையாட்டை ஆக்கியவர்கள் தொடக்கத்தில் இதை நன்கு அறிந்திருந்தார்கள். சுடும் விளையாட்டுகளுக்கெல்லாம் முன்னோடி என்று கொண்டாடப்படும் 'டூம்' 1993 டிசம்பரில் வந்தது. அது ஓடிய திரைமுறை நொடிக்கு 70 முறை துலக்குவது. விளையாட்டின் ஓட்டத்தை 35-இல் கட்டிவைத்தார்கள். சரிபாதி. ஒவ்வொரு சட்டகமும் இரண்டு முறை. யாருக்கும் கூடுதல் குறைவில்லை.

பிறகு கட்டு அவிழ்ந்தது. 1996-இல் அதே குழுவினரின் 'க்வேக்' வந்தது. அதில் பதிவுசெய்து வைத்த ஓர் ஆட்டத்தை இயந்திரம் எவ்வளவு விரைவாக வரைய முடியுமோ அவ்வளவு விரைவாக ஓட்டச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு. முடிந்ததும் மொத்தச் சட்டகம், மொத்த நொடி, இரண்டையும் வகுத்த சராசரி ஆகியவற்றைச் சொல்லும். வரைகலை அட்டை விற்பவர்களுக்கும் மதிப்புரை எழுதுபவர்களுக்கும் அது வசதியாகிப் போனது. இந்த அட்டை 40, அந்த அட்டை 55 என்று பட்டியல் போட்டார்கள். 2000-களில் கே.கே. நகரிலும் அசோக் நகரிலும் தெருவுக்குத் தெரு இருந்த பிரவுசிங் சென்டர்களில் பிள்ளைகள் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆடியபோதும், எந்த மேசையின் எண் பெரியது என்பதே பேச்சு. சராசரி அரியணை ஏறிவிட்டது.

சராசரி மறைத்தது

சராசரி பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. ஒரு நொடியை ஆயிரம் துகளாக எண்ணுவோம். முதல் எண்ணூறு துகளில் 190 சட்டகங்கள் மளமளவென்று வந்துவிடுகின்றன. மிச்சம் இருநூறு துகளில் ஒரே ஒரு சட்டகம் அப்படியே நிற்கிறது. எண்ணிப் பார்த்தால் அந்த நொடியில் 191 சட்டகங்கள். மூலையில் பச்சை எண் பெருமையோடு 191 என்று காட்டும். ஐந்தில் ஒரு பங்கு நொடி உலகம் உறைந்து நின்றதை அது சொல்லாது. அந்த இடைவெளியில்தான் பையன் சுடப்பட்டான்.

இந்த மறைப்பு வெளிப்பட்டது இரட்டை அட்டைகளால். 2004 முதல் என்விடியாவும், அடுத்த ஆண்டு ஏடிஐயும், ஒரே கணினியில் இரண்டு வரைகலை அட்டைகளைப் பூட்டும் ஏற்பாட்டை விற்றன. ஒற்றைப்படைச் சட்டகத்தை ஒன்று வரையும். இரட்டைப்படையை மற்றொன்று வரையும். சராசரி ஏறத்தாழ இரண்டு மடங்கானது. ஆனால் இரட்டை மாட்டு வண்டியில் மாடுகள் அடியொத்து நடக்க வேண்டும். இங்கே இரண்டு சட்டகங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்தாற்போல் வரும், பிறகு நீண்ட இடைவெளி, மறுபடி இரண்டு. எண் 60 என்று சொல்ல, கண் 30-ஐத்தான் உணர்ந்தது. ஆடியவர்கள் முறையிட்டார்கள். எண்ணைப் பார்த்தவர்கள் மனப்பிரமை என்றார்கள். கே.கே. நகர் மாடியறையில் நாம் சொன்னதையே!

2011 செப்டம்பரில் ஸ்காட் வாசன் என்ற அமெரிக்க எழுத்தாளர், தாம் நடத்திய 'டெக் ரிப்போர்ட்' இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நொடியின் உள்ளே பார்ப்பது என்பது அதன் தலைப்பின் பொருள். நொடிக்கு எத்தனை என்று கேட்பதை விட்டுவிட்டு, ஒவ்வொரு சட்டகத்துக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று அவர் கேட்டார். ஆயிரக்கணக்கான சட்டகங்களின் நேரத்தைக் கோடாக வரைந்தார். ஒரே சராசரி உடைய இரண்டு அட்டைகளில் ஒன்றின் கோடு அமைதியான ஏரி போலவும், மற்றொன்றின் கோடு முள்வேலி போலவும் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. சட்டகங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது எந்த நேரத்துக்குள் வந்து சேர்ந்தன என்று பார்ப்பதே பொருந்தும் அளவு என்றார். எஞ்சிய அந்த ஒன்றில்தான் ஆட்டக்காரனின் துன்பம் இருக்கிறது. இன்றைய மதிப்புரைகளில் சராசரிக்குப் பக்கத்தில் அச்சாகும் 'ஒரு விழுக்காட்டுத் தாழ்நிலை' என்ற கட்டம் அந்தக் கேள்வியின் வழித்தோன்றல்.

2013-இல் என்விடியா ஒரு சோதனை முறையை வெளியிட்டது. ஒவ்வொரு சட்டகத்தின் விளிம்பிலும் ஒரு வண்ணப் பட்டையை இட்டு, திரைக்குப் போகும் படத்தை வேறொரு கணினியில் பிடித்து, எந்த வண்ணம் எவ்வளவு இடம் பிடித்தது என்று பார்ப்பது. சில சட்டகங்கள் திரையில் சில வரிகள் மட்டுமே தோன்றி மறைந்தது அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சவலைச் சட்டகங்களும் எண்ணிக்கையில் முழு ஆளாகச் சேர்ந்திருந்தன! போட்டி நிறுவனமான ஏஎம்டி, அதே ஆண்டு ஆகஸ்டில் சட்டகங்களைச் சீராக இடைவெளி விட்டு அனுப்பும் திருத்தத்தைத் தன் இயக்கியில் சேர்த்தது. வாசன் பின்னாளில் அந்த நிறுவனத்திலேயே பணிக்குச் சேர்ந்தார். இரட்டை அட்டை வழக்கம் மெல்ல ஒழிந்தது.

திரையும் ஒரு பொறுப்பாளிதான். அது தன் போக்கில் நொடிக்கு 60 முறையோ 144 முறையோ துலங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தாளத்துக்குத் தப்பி வரும் சட்டகம் அடுத்த அடிவரை காத்திருக்கும். அல்லது பாதித் திரையில் பழையதும் பாதியில் புதியதுமாக வெட்டுப்படும். 2013 அக்டோபரில் என்விடியா அறிமுகப்படுத்திய ஜி-சிங்கும் பின்வந்த ஃப்ரீசிங்கும், சட்டகம் வரும்போது திரை துலங்கட்டும் என்று முறையைத் திருப்பிப் போட்டன. பாடகர் நிரவலில் நின்றால் மிருதங்கக்காரர் விரலை ஏந்திக் காத்திருப்பதைப் போல.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மர்மம் எஞ்சியது. சுடும் விளையாட்டுகளுக்குப் பேர்போன குரோஷிய நிறுவனம் ஒன்று உண்டு, பெயர் குரோடீம். அதன் தொழில்நுட்பத் தலைவராயிருந்த ஆலன் லடாவாக் 2018-இல் இதை விளக்கினார். சட்டகங்கள் பிசகாமல் வந்துகொண்டிருந்தாலும் அசைவு திக்கலாம். ஏனெனில் விளையாட்டு, ஓடும் மனிதனை அடுத்த சட்டகத்தில் எங்கே வைக்க வேண்டும் என்று முந்தைய சட்டகத்துக்குத் தான் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கணிக்கிறது. அந்தச் சட்டகம் திரையில் எப்போது தோன்றும் என்பது அதற்குத் தெரியாது. நடுவில் வரிசை இருக்கிறது. அதுவும் ஆபரேட்டரின் லூப் போன்ற ஒரு தளர்வுதான். கணித்த நேரமும் காட்டிய நேரமும் ஒவ்வாதபோது, சரியான நேரத்தில் வந்த படத்துக்குள் மனிதன் தவறான இடத்தில் நிற்கிறான்.

மாடியறையில் நோய் முதல் நாடியது

இவ்வளவும் படித்த பிறகு ஒரு சனிக்கிழமை மாடியேறினோம். "எண் சரியாக இருக்கட்டும். உனக்கு எப்போது திக்குகிறது என்று சொல்" என்று கேட்டோம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அவன் சற்று நேரம் நம்மைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

அதற்குள் அவன் பலவற்றைச் செய்து பார்த்திருந்தான். வரைகலை இயக்கியை அகற்றி மறுபடி நிறுவினான். நினைவக அட்டைகள் இரண்டும் அததற்குரிய பொருத்துவாயில் இருக்கின்றனவா என்று பார்த்தான். திரை 144-இல்தான் துலங்குகிறது என்று உறுதி செய்தான். சூடேறுகிறதா என்றும் சோதித்தான். படத்தின் நேர்த்தியைக் குறைத்தபோது எண் 200-இலிருந்து 260-க்கு ஏறியது; திக்கல் அப்படியே இருந்தது. வேகக் குறைவு நோயன்று என்பதற்கு அதுவே சான்று.

சட்டக நேரத்தைக் கோடாக வரையும் மென்பொருளை இப்போது ஓடவிட்டோம். முள்ளும் தெரிந்தது. அந்த முள்ளில் இரண்டு இனம் இருந்தன. ஒன்று, புதிய புகை, புதிய வெடிப்பு எதுவும் முதன்முறை தோன்றும்போது வருவது. இரண்டாம் முறை வராது. வரைகலை அட்டை புரிந்துகொள்ளும் சிறு நிரல்களை, தேவைப்படும் கணத்தில் மொழிபெயர்ப்பதால் நேரும் தாமதம் இது. விளையாட்டுப் பெட்டிகளில் எல்லாருக்கும் ஒரே அட்டை என்பதால் இந்த மொழிபெயர்ப்பை முன்கூட்டியே செய்து அனுப்பிவிடலாம். கணினியில் வீட்டுக்கு வீடு அட்டை வேறு. ஆகவே அந்தந்த வீட்டில்தான் செய்தாக வேண்டும். விளையாட்டின் தொடக்கத்தில் அதற்கென ஓடும் முன்னேற்பாட்டை அவன் பொறுமையின்றிப் பாதியில் தாண்டிக்கொண்டிருந்தான். அதை முழுதாக ஓட விட்டதும் பெரும்பாலும் தணிந்தது.

மற்றது வேறு இனம். சில நொடிகளுக்கு ஒருமுறை, கடிகாரம் வைத்தாற்போல் வந்தது. வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றாலும் வந்தது. எனவே காரணம் விளையாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். பின்னணியில் ஓடும் ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தோம். ஐந்தாவதாக நிறுத்தியதில் முள் மறைந்தது. அது என்ன தெரியுமோ? கணினியின் சூட்டையும் மின்செலவையும் சில நொடிக்கொருமுறை கேட்டறிந்து, மூலையில் பச்சை எண்ணையும் காட்டிக்கொண்டிருந்த கண்காணிப்பு மென்பொருள். ஒவ்வொரு முறையும் அது அட்டையிடம் நலம் விசாரிக்க, அட்டை ஒரு கணம் வேலையை நிறுத்திப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. எல்லாம் சரி என்று சொன்ன எண்ணைக் காட்டியதே தடங்கலுக்குக் காரணம்! கடைக்காரர் கொடுத்த பாகங்களில் ஒரு குறையும் இல்லை.

இறுதியாக ஒன்று செய்தான். வரம்பின்றி ஓடிய சட்டகங்களை, திரையின் 144-க்குச் சற்றுக் கீழே 138-இல் கட்டிப் போட்டான். எண் குறைந்தது. ஓட்டம் சீரானது. "இதான் மாமா" என்றான். நம் கண்ணுக்கே வேறுபாடு தெரிந்தது. போட்டி அதற்கு முந்தைய வாரமே முடிந்துவிட்டது.

இமையும் விரலும்

அன்றிரவு விடைத்தாள்களிடம் திரும்பினோம். ஒரு மாணவன் நேரிசை வெண்பா எழுதியிருந்தான். சீர்களை எண்ணினால் பதினைந்தும் இருந்தன. மூன்றாம் அடியில் மட்டும் இரண்டு சீர்களுக்கு இடையே தளை தட்டியது. எண்ணிக்கை சரியாயிருக்கிறதே என்று எந்தத் தமிழாசிரியரும் அதை வெண்பா என்று ஏற்கமாட்டார். எத்தனை சீர் என்பது ஒரு கேள்வி. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு எப்படிச் செல்கிறது என்பது மற்றொரு கேள்வி. இருபது ஆண்டுகளாக வகுப்பில் சொல்லிவரும் இந்த வேறுபாட்டை, மாடியறையில் ஒருவன் வேறு சொல்லில் சொன்னபோது நமக்குப் புரியாமல் போயிற்று.

தொல்காப்பியம் மாத்திரையை அளக்க இரண்டு அளவுகளைச் சொல்கிறது: இயல்பாகக் கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம். நுட்பமாக உணர்ந்தவர்கள் கண்டறிந்த வழி என்றும் சேர்த்துச் சொல்கிறது. இன்று மணித்துளியின் அறுபதில் ஒரு கூற்றுக்கு நொடி என்று பெயரிட்டிருக்கிறோம். பழைய நொடியோ விரல் சொடுக்கும் அளவுதான். இமைப்பு என்பது ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்று, நான்கு பங்கு வரை நீள்வது. பையன் கண்ட தடங்கலும் அந்த அளவே. "ஒரு இமைப்பு நிக்குது" என்று அவன் சொன்னது உவமையே அன்று, அளவு. உணர்பவனின் உடம்பிலிருந்து எடுத்த சிறு கோலால் நம் முன்னோர் அளந்தார்கள். பெரிய நொடி என்னும் கலத்தில் எல்லாவற்றையும் கொட்டிக் குலுக்கி எண்ணினால் அந்தச் சிறு நொடி தொலைந்துபோகிறது.

இந்தக் கணக்கு வேறோர் ஏட்டையும் நினைவூட்டியது. நம் வகுப்பில் ஒரு மாணவி. பருவத்தின் 90 வேலை நாள்களில் 70 நாள் வந்திருந்தாள். விழுக்காடு 78, விதி கேட்பது 75. ஆகவே பட்டியலில் அவள் பெயருக்கு நேரே எந்தக் குறியும் இல்லை. யாரும் அவளை அழைத்துக் கேட்கவில்லை. மறுநாள் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தோம். வராத அந்த 20 நாள்களும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே தொடராக இருந்தன.

வகுப்பு முடிந்ததும் அவளை நிற்கச் சொன்னோம். "அந்த இருபது நாள் என்னம்மா ஆயிற்று?" என்று கேட்டோம். அவள் உடனே பதில் சொல்லவில்லை. காத்திருந்தோம்.